பியூஜெட் சவுண்டில் நண்டு பிடிக்க: உரிமம் எடுப்பதில் தொடங்கி கணக்கு ஒப்படைப்பது வரை

சியாட்டில் பக்கம் குடிவந்த இரண்டாவது கோடையில், ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்திருந்த சமயம், எல்லோருமாக நண்டு பிடிக்கக் கிளம்பினோம். கூண்டு வாங்கியாயிற்று, இரைக்குக் கோழிக்கால் வாங்கியாயிற்று, உரிமமும் எடுத்தாயிற்று. இனி என்ன வேண்டும் என்று நினைத்தேன். மாலையில் படகுத்துறைக்குத் திரும்பியபோது அங்கே சோதனைக்கு நின்ற அதிகாரி ஐந்தே நிமிடத்தில் நான்கு தவறுகளைக் காட்டினார். உரிமத்தில் நண்டுக்கான கூடுதல் அனுமதி இல்லை. பிடித்ததைக் குறிக்கும் கேட்ச் கார்டு இல்லை. கூண்டு மூடியைக் கட்டியிருந்தது நைலான் கயிறு. வாளியில் இருந்த மூன்று நண்டுகளில் ஒன்று அளவு குறைவு. அவர் பொறுமையாகத்தான் பேசினார். ஆனால் அப்பா அம்மா முன்னால் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டு நின்றது இன்னும் மனதில் இருக்கிறது. அபராதச் சீட்டோடும் காலி வாளியோடும் வீடு திரும்பினோம்.

விதிகள் எல்லாம் எழுத்தில் இருக்கின்றன. ஆனால் உரிமம் ஒரு பக்கம், கூண்டு இன்னொரு பக்கம், நாள்கணக்கு வேறொரு பக்கம் என்று சிதறிக் கிடப்பதால், புதிதாக வருபவர் ஏதாவது ஒன்றைத் தவறவிட்டுவிடுவார். அதனால் எந்த வரிசையில் செய்ய வேண்டுமோ அந்த வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன்.

இது, சியாட்டிலை ஒட்டி நிலத்துக்குள் நீளும் கடற்பகுதியான பியூஜெட் சவுண்டுக்கு மட்டும். திறந்த பசிபிக் கரையோரத்தில், அதாவது வெஸ்ட்போர்ட், இல்வாகோ பக்கம் போகிறவர்களுக்கு அளவும் எண்ணிக்கையும் வேறு. இங்கே படித்துவிட்டு அங்கே போய்க் கூண்டு போடாதீர்கள்.

1. முதலில் இடத்தையும் நாளையும் உறுதி செய்யுங்கள்

உரிமம் வாங்குவதற்கு முன்பே இதைச் செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நீங்கள் போக நினைக்கும் இடம் மூடியிருந்தால் வாங்கிய உரிமத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

வாஷிங்டன் மாநில மீன், வனவிலங்குத் துறை கடலை எண்ணிட்ட பகுதிகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. மரைன் ஏரியா என்பார்கள். சியாட்டிலும் பிரெமர்ட்டனும் 10. எவரெட், போர்ட் சூசன் பக்கம் 8-2. டிசெப்ஷன் பாஸ் 8-1. சான் யுவான் தீவுகள் 7. ஹூட் கனால் 12. டகோமா, வாஷான் 11. ஒலிம்பியா பக்கம் 13. வரைபடத்தில் உங்கள் இடத்தின் எண்ணைக் கண்டுபிடித்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் கார்டில் நிரப்பவும் அதே எண்தான் வேண்டும்.

கோடைப் பருவம் பெரும்பாலான பகுதிகளில் ஜூலைத் தொடக்கத்தில் திறந்து, செப்டம்பர் முதல் திங்களான லேபர் டே அன்று முடியும். ஆனால் எல்லா இடமும் ஒரே மாதிரி இல்லை. 7ஆம் ஏரியாவின் வடபகுதி ஆகஸ்ட் நடுவில்தான் திறக்கும், ஏனென்றால் அங்கே நண்டுகள் ஓடு உரித்துக் கெட்டியாக நாளாகும். 11ஆம் ஏரியாவில் சமீப வருடங்களில் வாரத்தில் இரண்டே நாள்தான் விடுகிறார்கள். 13ஆம் ஏரியாவிலும் ஹூட் கனாலின் தென்பகுதியிலும் நண்டு வளம் குறைந்துபோனதால் டஞ்சனஸ் என்ற வகை நண்டு பிடிக்கச் சில வருடங்களாக அனுமதியே இல்லை.

அப்புறம் கிழமை. திறந்திருக்கும் பருவத்திலும் பெரும்பாலான பகுதிகளில் வியாழன் முதல் திங்கள் வரைதான் பிடிக்கலாம். செவ்வாயும் புதனும் விடுமுறை. அந்த இரண்டு நாள் நீங்கள் போகாமல் இருந்தால் மட்டும் போதாது, உங்கள் கூண்டும் தண்ணீரில் இருக்கக் கூடாது. திங்கள் மாலை எடுத்துவிட வேண்டும். 'வியாழக்கிழமை வந்து எடுத்துக்கொள்ளலாம்' என்று விட்டுவிட்டு வந்து மாட்டிக்கொண்டவர்களை எனக்குத் தெரியும்.

பருவத்தின் நடுவிலேயே ஒரு பகுதியை மூடுவதும் உண்டு. எமர்ஜென்சி ரூல் என்ற தலைப்பில் துறையின் தளத்தில் போடுவார்கள். ஜூனில் பார்த்துவிட்டு ஆகஸ்டில் போகாதீர்கள். போவதற்கு முந்தைய நாள் இரவு ஒரு முறை பாருங்கள், இரண்டு நிமிட வேலை.

2. உரிமம், கூடுதல் அனுமதி, கேட்ச் கார்டு: மூன்றும் வேண்டும்

நான் சறுக்கியது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

15 வயதும் அதற்கு மேலும் உள்ள ஒவ்வொருவருக்கும் உரிமம் வேண்டும். நண்டுக்குச் செல்லுபடியாவது ஷெல்ஃபிஷ்/சீவீட் உரிமம், அல்லது எல்லாம் சேர்ந்த காம்பினேஷன் உரிமம். ஏரியில் டிரவுட் பிடிக்க வாங்கிய நன்னீர் உரிமத்தை வைத்துக்கொண்டு நண்டுக்குப் போகக் கூடாது. அதேபோல வெறும் கடல்மீன் உரிமமும் செல்லாது.

உரிமத்தோடு பியூஜெட் சவுண்ட் டஞ்சனஸ் நண்டுக்கான எண்டார்ஸ்மென்ட் என்ற கூடுதல் அனுமதியையும் சேர்க்க வேண்டும். ஆண்டு உரிமம் வாங்கும்போது இது தானாக வந்துவிடாது. ஆன்லைனில் வாங்கினால் தனியாகத் தேர்ந்தெடுத்துக் கூடையில் போட வேண்டும், கடையில் வாங்கினால் வாய்விட்டுக் கேட்க வேண்டும். நான் கடையில் "ஷெல்ஃபிஷ் லைசென்ஸ்" என்று கேட்டேன், அதை மட்டும் கொடுத்தார்கள். "பியூஜெட் சவுண்டில் நண்டு பிடிக்கப் போகிறேன்" என்று சொல்லியிருந்தால் மூன்றும் கிடைத்திருக்கும். நீங்கள் அப்படியே சொல்லுங்கள். ஃபிஷ் வாஷிங்டன் என்ற பெரிய உரிமம் எடுத்தால் அதிலேயே இந்தக் கூடுதல் அனுமதி அடங்கிவிடும்.

மூன்றாவது கேட்ச் கார்டு. பிடித்ததைக் குறித்து வைக்கும் அட்டை. இது குழந்தைகளுக்கும் வேண்டும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 15 வயதுக்குக் கீழே இருந்தால் உரிமம் வேண்டாம், ஆனால் குழந்தை பெயரில் கார்டு இருந்தால்தான் அந்தக் குழந்தைக்கென்று ஒரு நாளைக்கு இத்தனை நண்டு என்ற கணக்கு உண்டு. கோடைக்கு ஒரு கார்டு, குளிர்காலப் பருவத்துக்கு வேறு கார்டு. லேபர் டேக்குப் பிறகு பழைய கார்டோடு போகக் கூடாது.

காலக்கெடுவையும் பாருங்கள். ஆண்டு உரிமம் என்றால் வாங்கிய நாளிலிருந்து ஒரு வருடம் இல்லை. ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரைதான். பிப்ரவரியில் தள்ளுபடி ஏதாவது தேடி அவசரமாக வாங்கினால் ஒரே மாதத்தில் காலாவதியாகிவிடும்.

புதிதாக வந்தவர்களுக்கு இன்னொரு விஷயம். மாநிலவாசிக்கான கட்டணத்தில் வாங்க, வாஷிங்டனில் நிரந்தர முகவரியோடு 90 நாள் தங்கியிருக்க வேண்டும். தொடர்ந்து இங்கேயே இருக்கப் போகிறீர்கள் என்பதற்கு அத்தாட்சியும் வேண்டும், வேறு மாநிலத்தில் அந்த மாநிலவாசியாக உரிமம் வைத்திருக்கவும் கூடாது. வாஷிங்டன் ஓட்டுநர் உரிமமோ மாநில அடையாள அட்டையோ கையில் இருந்தால் வேலை சுலபம். கலிஃபோர்னியாவிலிருந்து போன மாதம்தான் மாறி வந்தீர்கள் என்றால் வெளிமாநிலத்தவர் கட்டணத்தைக் கொடுங்கள், அல்லது 90 நாள் பொறுத்திருங்கள். பொய் சொல்லி வாங்குவது தனிக் குற்றம்.

ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோரைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். அவர்கள் வேடிக்கை பார்க்கலாம், படகில் உட்கார்ந்து வரலாம். ஆனால் உரிமம் இல்லாமல் கயிறு இழுக்கவோ கூண்டு போடவோ கூடாது. படகில் நான்கு பேர் இருந்தாலும் உரிமமும் கார்டும் இருப்பது இரண்டு பேருக்கு என்றால் இரண்டு பேர் கணக்குதான். அப்பாவுக்கும் கயிற்றைப் பிடித்து இழுக்க ஆசை இருந்தால் அவர் பெயரிலேயே உரிமம் எடுத்துவிடுங்கள், சில நாள்களுக்கான குறுகிய கால உரிமமும் கிடைக்கும்.

3. செலவு

உரிமக் கட்டணங்கள் 2025 ஜூலை 1 முதல் 38 சதவீதம் ஏறிவிட்டன. நண்பர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் பழைய தொகையை நம்பாமல், வாங்கும் அன்று திரையில் வரும் தொகையையே கணக்கில் எடுங்கள். உரிமம், எண்டார்ஸ்மென்ட் இரண்டுக்கும் தனித்தனிக் கட்டணம். வெளிமாநிலத்தவருக்கு உரிமம் கணிசமாகக் கூடுதல்.

மாநிலப் பூங்காவின் படகுத்துறையையோ கடலுக்குள் நீளும் மேடையையோ பயன்படுத்துவதானால் வண்டிக்கு டிஸ்கவர் பாஸ் என்ற அனுமதிச் சீட்டு வேண்டும். ஆண்டுக்கு 45 டாலர். நண்டு உரிமம் வைத்திருப்பதால் வண்டியை இலவசமாக நிறுத்திவிட முடியாது.

கூண்டு, கயிறு, மிதவை, எடைக்கல், அளவுகோல் எல்லாம் சேர்த்து எனக்கு ஒரு செட்டுக்கு நூறு டாலருக்குக் கொஞ்சம் மேலே ஆனது. முதல் வருடம் ஒரே ஒரு செட் போதும். பருவம் திறக்கும் வாரத்தில் கடைகளில் மிதவையும் பருத்திக் கயிறும் தீர்ந்துபோகும், ஜூன் மாதமே வாங்கிவிடுங்கள்.

4. கூண்டை வீட்டிலேயே சரிசெய்து கொண்டு போங்கள்

ஒருவருக்கு இரண்டு கூண்டுகள்தான் அனுமதி. கடையில் வாங்கிய கூண்டு அப்படியே விதிக்கு உட்பட்டிருக்கும் என்று நினைக்காதீர்கள். பிரித்து, தரையில் வைத்து, நான்கு விஷயங்களைப் பாருங்கள்.

முதலாவது, பருத்திக் கயிறு. கூண்டின் மூடியைக் கட்டும் கொக்கி அல்லது பட்டை, சாயமோ பூச்சோ ஏற்றாத நூறு சதவீதப் பருத்திக் கயிற்றில் பிணைந்திருக்க வேண்டும். கனம் எட்டில் ஒரு அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. ஒற்றை இழையாக இருக்க வேண்டும், 'உறுதியாக இருக்கட்டும்' என்று நாலைந்து சுற்றுச் சுற்றிவிடாதீர்கள். கூண்டு தொலைந்துபோனால் இந்தக் கயிறு கடலுக்குள் தானே மக்கி அறுந்து, மூடி திறந்து, உள்ளே இருப்பவை வெளியேற வேண்டும். அதற்காகத்தான் இந்த விதி. பியூஜெட் சவுண்டில் வருடத்துக்குச் சுமார் 12,000 கூண்டுகள் தொலைகின்றன என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். நைலானால் கட்டிய கூண்டு தொலைந்தால் ஒரு நண்டு செத்து, அதுவே இரையாகி, அதைத் தின்ன வரும் அடுத்த நண்டும் சிக்கி, ஆளே இல்லாமல் பிடித்துக்கொண்டே இருக்கும். அந்த அதிகாரி என் கூண்டின் நைலான் முடிச்சை விரலால் தூக்கிக் காட்டி இதைச் சொன்னபோது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. ஒரு துண்டுப் பருத்திக் கயிறு சில சென்ட்தான்.

இரண்டாவது, சிறிய நண்டு வெளியேறுவதற்கான வளையங்கள். கூண்டின் மேல்பாதியில் இரண்டு, ஒவ்வொன்றும் உள்விட்டம் 4¼ அங்குலத்துக்குக் குறையாமல். சில மடக்குக் கூண்டுகளில் இது 4 அங்குலமாகவோ ஒன்றே ஒன்றாகவோ இருக்கும். அளந்து பார்த்து வாங்குங்கள்.

மூன்றாவது, மிதவை. ஒவ்வொரு கூண்டுக்கும் தனி மிதவை, பாதி சிவப்பு, பாதி வெள்ளை. மஞ்சள் இறாலுக்கு உரியது. அதன்மேல் உங்கள் முழுப்பெயரும் நிரந்தர முகவரியும் அழியாத மையில் இருக்க வேண்டும். பிளீச் பாட்டில், பெயின்ட் டப்பா போன்றவற்றை மிதவையாக்கக் கூடாது. நான் மார்க்கரால் எழுதி, மேலே தெளிந்த நெயில் பாலிஷ் ஒரு பூச்சுப் பூசுகிறேன், இரண்டு பருவம் தாங்குகிறது.

நான்காவது, கயிறு. மிதவைக் கயிறு தண்ணீரில் மூழ்கும் வகையாக இருக்க வேண்டும். மேலே மிதந்துகொண்டு கிடந்தால் படகின் புரொப்பெல்லரில் சுற்றும், உங்கள் கூண்டும் போகும், அவருடைய எஞ்சினும் போகும். மிதக்கும் கயிறுதான் இருக்கிறது என்றால் கயிற்றில் ஈயக்குண்டு கட்டி முழுக வையுங்கள். நீளம், ஆழத்தைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக. 60 அடி ஆழத்துக்கு 80 அடிக் கயிறு என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். மடக்குக் கூண்டுகள் இறகு போல லேசானவை. உள்ளே எடை வைத்துக் கட்டாவிட்டால் நீரோட்டம் அதைத் தரையில் உருட்டிக்கொண்டே போய் ஆழத்தில் தள்ளிவிடும், மிதவையும் முழுகிவிடும்.

5. படகும் நேரமும்

15 குதிரைத்திறனோ அதற்கு மேலோ உள்ள மோட்டார் படகை ஓட்டுபவர், 1955 ஜனவரி 1க்குப் பின் பிறந்தவராக இருந்தால், படகோட்டிக் கல்வி அட்டை வைத்திருக்க வேண்டும். ஆன்லைன் பாடம், தேர்வு, பிறகு அட்டைக்கு விண்ணப்பம். போகும் வாரத்தில் ஆரம்பித்தால் அட்டை கைக்கு வராது. 19 அடிக்குக் குறைந்த படகு ஓடிக்கொண்டிருக்கும்போது 12 வயதும் அதற்குக் கீழும் உள்ள குழந்தைகள் உயிர்காப்பு அங்கி போட்டே ஆக வேண்டும். பெரியவர்களும் போடுங்கள். கோடையிலும் இந்தத் தண்ணீர் கையை மரக்கவைக்கும் குளிர்.

படகு இல்லையா? மேடையிலிருந்தும் பிடிக்கலாம். உரிமம், கார்டு, அளவு, எண்ணிக்கை எல்லாம் அங்கேயும் அதேதான். 'மேடையில் நின்று பிடிக்க உரிமம் வேண்டாம்' என்பது கலிஃபோர்னியாவிலிருந்து வருபவர்கள் கொண்டுவரும் நம்பிக்கை. இங்கே அப்படி இல்லை.

படகிலிருந்து கூண்டு போடுவதும் எடுப்பதும் சூரிய உதயத்துக்கு ஒரு மணி நேரம் முன்பிலிருந்து, அஸ்தமனத்துக்கு ஒரு மணி நேரம் பின்பு வரைதான். திறந்த நாள்களுக்கு நடுவே இரவு முழுக்கக் கூண்டு ஊறலாம், ஆனால் இரவில் போய்த் தொடக் கூடாது.

ஏற்றவற்றம் பாருங்கள். நீரோட்டம் அடங்கி நிற்கும் நேரத்தையொட்டிப் போட்டால் கூண்டு போட்ட இடத்திலேயே இருக்கும். பெர்ரி கப்பல் போகும் பாதையில் போடாதீர்கள். அடுத்தவர் கூண்டு எவ்வளவு நேரம் கேட்பாரற்றுக் கிடந்தாலும் தொடாதீர்கள்.

6. எதை எடுக்கலாம், எதை விட வேண்டும்

கூண்டு மேலே வந்ததும் பிள்ளைகள் குதிப்பார்கள், எல்லாமே பெரிய நண்டாகத் தெரியும். அவசரப்படாமல் ஒவ்வொன்றாக எடுத்து, இந்த வரிசையில் பாருங்கள்.

எந்த வகை? கொடுக்கின் நுனி வெளுத்திருந்தால் டஞ்சனஸ். நுனி கறுப்பாக, ஓடு செங்கல் நிறத்தில் கனமாக இருந்தால் ரெட் ராக். டஞ்சனஸ் ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஐந்து. ரெட் ராக் ஆறு.

ஆணா பெண்ணா? புரட்டி வயிற்று மடலைப் பாருங்கள். ஒடுங்கி, கூம்பிப் போனால் ஆண். அகன்று, வட்டமாக இருந்தால் பெண். நம் ஊர் நண்டுக்குப் பார்ப்பது போலத்தான். டஞ்சனஸில் ஆணை மட்டுமே எடுக்கலாம். நமக்கு இது கொஞ்சம் கஷ்டமான விதி. முட்டை நண்டுதான் ருசி என்று பழகியவர்கள் நாம். "நல்லா சதைப்பத்தா இருக்குற பொட்டை நண்டைப் போய்க் கடல்ல போடுறியே" என்று அப்பா அன்றைக்கு ஆதங்கப்பட்டார். பெண் நண்டைத் தொடாமல் விடுவதால்தான் இத்தனை பேர் பிடித்தும் அடுத்த வருடமும் நண்டு இருக்கிறது என்று சொன்னதும், அடுத்த பெண் நண்டை அவரே வாங்கி, எட்டி வீசாமல், தண்ணீர் மட்டத்தில் கையை வைத்து விட்டார். ரெட் ராக்கில் ஆண் பெண் இரண்டும் எடுக்கலாம்.

அளவு எவ்வளவு? டஞ்சனஸ் 6¼ அங்குலம், ரெட் ராக் 5 அங்குலம். எங்கிருந்து எங்கே அளப்பது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். ஓட்டின் இரண்டு பக்கமும் கடைசியில் பெரிய முள் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அந்த முள் நுனியிலிருந்து நுனிக்கு அளக்கக் கூடாது. முள்ளுக்குச் சற்று முன்னால், முள்ளைச் சேர்க்காமல், ஓட்டின் அகலத்தைக் குறுக்காக அளக்க வேண்டும். நான் சாதாரண ஸ்கேலை முள்மேல் வைத்துப் பார்த்து 6¼ தேறுகிறது என்று வாளியில் போட்டேன். அதிகாரி தன் அளவுகோலை முள்ளுக்கு முன்னால் வைத்தார், அது நண்டைத் தொடாமல் இரண்டு பக்கமும் வழுக்கிக்கொண்டு போனது. நண்டு அளக்கவென்றே ஆங்கில 'சி' வடிவத்தில் பிளாஸ்டிக் அளவுகோல் விற்கிறார்கள், சில டாலர்தான். அதன் இரண்டு முனைகளுக்கு நடுவே நண்டு நுழைந்துவிட்டால் அது சிறியது. நுழைவதா வேண்டாமா என்று இழுபறியாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

ஓடு கெட்டியா? ஓடு உரித்துப் புது ஓடு முற்றாத நண்டை எடுக்கக் கூடாது. கொடுக்குக்கு அடுத்த காலையும் வயிற்றுப் பக்கத்து ஓட்டையும் கட்டைவிரலால் அழுத்துங்கள். அமுங்கினால், வளைந்து கொடுத்தால், அது மென்னோடு. சமைத்தாலும் உள்ளே தண்ணீரும் நூலுமாகத்தான் இருக்கும், சதை இராது.

இன்னொரு நண்டையும் தெரிந்துகொள்ளுங்கள். ஐரோப்பியப் பச்சை நண்டு என்பது வெளியிலிருந்து வந்து இந்தக் கரையைக் கெடுக்கும் இனம். பெயர் பச்சை என்றாலும் நிறத்தை நம்ப முடியாது. கண்ணுக்கு இரு பக்கமும் ஐந்தைந்து முள் இருக்கிறதா என்று எண்ணுங்கள். அதைக் கொல்லவும் வேண்டாம், வீட்டுக்குக் கொண்டுவரவும் வேண்டாம். பிடிபட்ட இடத்தோடு தெளிவாகப் படம் எடுத்து, அங்கேயே விட்டுவிட்டு, துறையின் தளத்தில் தகவல் கொடுங்கள். உள்ளூர்ச் சிறு நண்டுகளைப் பச்சை நண்டு என்று நினைத்துப் பலர் கொன்றுவிடுவதால்தான் இப்படிச் சொல்கிறார்கள்.

7. வாளியில் போட்டதும் கார்டில் எழுதுங்கள்

ஒரு டஞ்சனஸை வைத்துக்கொள்வது என்று முடிவானதும் அடுத்த வேலை கார்டு. தேதி, மரைன் ஏரியா எண், எண்ணிக்கை. பேனாவால். கரைக்குப் போய் மொத்தமாக எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால், நடுவில் சோதனைப் படகு வந்தால் அது விதிமீறல். உரிமத்தையும் கார்டையும் நீர்புகாத உறையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள், பேனாவையும் அதிலேயே. ரெட் ராக்கை எழுத வேண்டியதில்லை.

8. சுத்தம் செய்வது வீட்டில்தான்

படகிலேயே ஓட்டைக் கழற்றிச் சுத்தம் செய்துகொண்டு வந்தால் வீட்டில் நாற்றம் இருக்காதே என்று தோன்றும். செய்யாதீர்கள். முதுகு ஓடு இல்லாத நண்டைப் பிடிக்கும் இடத்தில் கையில் வைத்திருக்கக் கூடாது, ஓடு இருந்தால்தான் அளந்து சரிபார்க்க முடியும். ஈரச் சாக்கில் சுற்றிக் குளிர்பெட்டியில் உயிரோடு கொண்டுவாருங்கள். நல்ல தண்ணீரில் போட்டால் செத்துவிடும்.

இதைவிட முக்கியமானது ஒன்று, நம் சமையலுக்காகவே சொல்கிறேன். கடலில் சில காலங்களில் பெருகும் பாசியால் நஞ்சு உண்டாகும். டொமோயிக் அமிலம் அதில் ஒன்று, கைகால்களை முடக்கும் வாத நஞ்சு இன்னொன்று. நண்டில் இவை சதையில் அல்ல, குடல் பக்கம், ஓட்டுக்குள்ளே மஞ்சளும் பழுப்புமாக இருக்கும் கூழில்தான் சேரும். கொதிக்க வைத்தாலும் உறைய வைத்தாலும் போகாது. அந்தக் கூழோடு நண்டை உடைத்துக் குழம்பிலும் ரசத்திலும் போடுவது பல வீடுகளில் வழக்கம், அப்படிச் செய்தால் நஞ்சு குழம்பு முழுக்கக் கலந்துவிடும். சமைக்கும் முன்பே ஓட்டைக் கழற்றி, கூழையும் குடலையும் செவுளையும் எடுத்துவிட்டு, நன்றாகக் கழுவிய பிறகு மசாலாவில் போடுங்கள். மாநிலச் சுகாதாரத் துறை சிப்பி, நண்டுப் பாதுகாப்பு வரைபடம் ஒன்றைத் தளத்தில் வைத்திருக்கிறது. கிளம்பும் முன் உங்கள் கடற்கரை எந்த நிறத்தில் இருக்கிறது என்று அதிலும் பாருங்கள்.

9. பருவம் முடிந்ததும் கணக்கு ஒப்படையுங்கள்

கோடைக் கார்டின் கணக்கை அக்டோபர் 1க்குள், குளிர்காலக் கார்டின் கணக்கை பிப்ரவரி 1க்குள் கொடுத்துவிட வேண்டும். ஆன்லைனில் கொடுக்கலாம், அட்டையைத் தபாலிலும் அனுப்பலாம். கொடுக்காவிட்டால் அடுத்த உரிமம் வாங்கும்போது 10 டாலர் அபராதம் சேர்ந்து வரும்.

'நான்தான் ஒன்றும் பிடிக்கவில்லையே' என்று விட்டுவிடாதீர்கள். கார்டு வாங்கியிருந்தால் ஒரு நாள்கூடப் போகாவிட்டாலும் பூஜ்யம் என்று தெரிவிக்க வேண்டும். அந்தப் பூஜ்யமும் சேர்ந்தால்தான் எவ்வளவு நண்டு எடுக்கப்பட்டது என்ற கணக்கு சரியாக வரும், குளிர்காலப் பருவத்தை எங்கே திறப்பது என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். குழந்தைகள் பெயரில் வாங்கிய கார்டுகளுக்கும் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். அப்பா அம்மா பெயரில் வாங்கியிருந்தால், அவர்கள் ஊருக்கு விமானம் ஏறும் முன் கார்டைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கார்டு எண் இல்லாமல் செப்டம்பர் கடைசியில் ஊருக்கு போன் போட்டு, பெட்டிக்குள் தேடச் சொல்வது அவர்களுக்குச் சிரமம்.